மலையடிவாரத்தில் நிறுத்திய வண்டி

அமெரிக்க தேசத்தின் மேற்குக் கரையில், பஸிபிக் சமுத்திரம் நிலத்துக்குள் நுழைகிற குறுகலான வாயிலின் மேல், கோல்டன் கேட் பாலம் நிற்கிறது. 1937-ம் வருஷம் மே மாதத்தில் திறக்கப்பட்ட அந்தப் பாலத்தின் இரண்டு கோபுரங்களுக்கு இடையேயுள்ள தூரம் மட்டும் 4,200 அடி. தெற்கே ஸான் பிரான்ஸிஸ்கோ நகரம். வடக்கே மாரின் ஜில்லாவின் மலைகள். நகரத்தின் இரைச்சலிலிருந்து புறப்பட்டு ஒரு மணி நேரத்துக்குள் அடர்ந்த காட்டின் நடுவே போய் நின்று விடலாம் என்றால், அந்த நகரவாசிகளின் பாக்கியத்தை என்னவென்று சொல்வது!

அந்த மலைகளில் உயர்ந்தது 2,571 அடி உயரமுள்ள டாமல்பையஸ். அந்தப் பெயரை முதன் முதலாகக் கேட்கிற தமிழர் எவருக்கும் ஒரு கணம் மெய் சிலிர்க்கும். "ஆகா! தமிழ் இங்கேயும் வந்து விட்டதா?" என்று கேட்கத் தோன்றும். அவசரப்பட வேண்டாம். அப்பிரதேசத்தின் பூர்வ குடிகளான மீவோக் மக்களின் பாஷையில் அதற்கு 'மேற்கு மலை' என்று பொருள் சொல்லுகிறார்கள். நம் பாஷைக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆனால் அதன் உச்சியில் நின்று, கீழே விரிகுடாவையும், மேற்கே மகாசமுத்திரத்தையும், இரண்டுக்கும் நடுவே பஞ்சுப் பொதி போல் நகர்ந்து வரும் மூடுபனியையும் பார்க்கிறபோது, இவ்வளவு அழகான இடத்துடன் சம்பந்தம் இல்லாமற் போயிற்றே என்று சற்று வருத்தமாகத்தான் இருக்கிறது.

மலையின் தெற்குச் சரிவில் ஓர் ஓடையின் கரையில் மியூர் வனம் இருக்கிறது. செம்மரங்கள் என்று நாம் சொன்னால் வாசகர்கள் திருப்பதி மலையை நினைத்துக்கொள்வார்கள். இவை வேறு ஜாதி. ரெட்வுட் என்று பெயர். 250 அடிக்கு மேல் உயர்ந்த மரங்கள் அங்கே உண்டு. தலையை அண்ணாந்து பார்த்தால் தலைப்பாகை விழும் என்பார்களே, அது அங்கே வெறும் பேச்சல்ல. 1905-ம் வருஷத்தில் வில்லியம் கென்ட் என்பவர் 45,000 டாலர் கொடுத்து அந்தப் பள்ளத்தாக்கை விலைக்கு வாங்கினார். ஓடையை மறித்து நீர்த்தேக்கம் கட்டுவதற்காகத் தண்ணீர்க் கம்பெனி ஒன்று அந்த நிலத்தைக் கைப்பற்ற முயன்றது. உடனே அவர் காட்டைத் தேசத்துக்கே தானம் செய்து விட்டார். 1908-ம் வருஷம் ஜனவரி மாதம் ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் அதைத் தேசியச் சின்னமாகப் பிரகடனம் செய்தார். கென்டின் பெயரையே வைக்கலாம் என்றாராம் ஜனாதிபதி. கென்ட் அதற்கு இணங்காமல், காடுகளுக்காகவே உழைத்த ஜான் மியூரின் பெயரை வைக்கச் சொன்னார்.

கடலோரக் குன்றுகளின் கதையும் இப்படித்தான். அங்கே முன்பு ராணுவத்தின் பீரங்கி மேடைகள் இருந்தன. 1960-க்குப் பிறகு அந்தக் குன்றுகளில் 30,000 பேர் குடியிருக்கத் தக்க புதிய பட்டணம் ஒன்றைக் கட்டுவதற்குத் திட்டம் போட்டார்கள். வாயிற்கதவுகூட வைத்தாகி விட்டது. ஊர் ஜனங்கள் விடவில்லை. வழக்குப் போட்டுத் தடுத்தார்கள். 1972-ல் அந்தக் கரை முழுவதும் தேசிய உல்லாசப் பிரதேசமாகச் சட்டம் இயற்றப்பட்டது. பட்டணம் வரவேண்டிய இடத்தில் இன்று வழிப்போக்கர்கள் நடக்கிறார்கள்.

இவ்வளவு பீடிகையும் எதற்காக என்று வாசகர்கள் கேட்கலாம். இந்த மலைகள் ஒரு தனி மனிதரின் சொத்தல்ல என்பதைச் சொல்லத்தான். பணக்காரர் ஒருவர் கொடுத்ததும், சாதாரண ஜனங்கள் போராடிக் காப்பாற்றியதுமான பொதுச் சொத்து இது. யார் வேண்டுமானாலும் வந்து நடக்கலாம். அதற்கு வேண்டியது ஒரு ஜோடிச் செருப்பும், ஒரு புட்டித் தண்ணீரும், மனதில் கொஞ்சம் நிம்மதியும்தான். இவற்றில் மூன்றாவது பொருளுக்குத்தான் இப்போது அங்கே ஆபத்து வந்திருக்கிறது.

சென்ற கோடை விடுமுறையில் நாம் அந்தப் பக்கத்தில் சில வாரங்கள் தங்கியிருந்தோம். மலைப்பாதை ஆரம்பிக்கிற இடங்களிலெல்லாம் ஒரு பலகை கண்ணில் பட்டது. பாதையின் தூரத்தையும் ஏற்றத்தையும் சொல்லும் பலகை அல்ல அது. 'விலையுயர்ந்த பொருள்களை வண்டியில் வைத்துவிட்டுப் போகாதீர்கள்' என்று எச்சரிக்கும் பலகை. அதன் காலடியில் பச்சை நிறங் கலந்த கண்ணாடிச் சில்லுகள், கற்கண்டை உதிர்த்து விட்டது போல், வெயிலில் மின்னிக் கொண்டிருந்தன. பலகையை விட அந்தச் சில்லுகள் தெளிவாகப் பேசின.

மோட்டார் வண்டியின் பக்கக் கண்ணாடிக்கு ஒரு விசேஷ குணம் உண்டு. அதை நன்றாகக் காய்ச்சித் திடீரென்று காற்றால் குளிர வைத்துத் தயாரிக்கிறார்கள். இதனால் அதன் மேற்பரப்பு இறுகி, உட்புறம் விறைத்து நிற்கிறது. மழுங்கலான அடியை அது எளிதில் தாங்கும். ஒரு கூரிய முனை மேற்பரப்பைத் துளைத்து விட்டாலோ, கண்ணாடி முழுவதும் ஒரே நொடியில் சிறு சிறு மணிகளாக உதிர்ந்து விடும். விபத்துக் காலத்தில் உள்ளே இருப்பவர்களைக் கூரிய துண்டுகள் கிழித்து விடக் கூடாது என்னும் நல்லெண்ணத்தினால் செய்த ஏற்பாடு இது. அந்த நல்லெண்ணமே திருடனுக்கும் உபகாரமாய் முடிந்திருக்கிறது. முன்பக்கக் கண்ணாடி வேறு வகை. இரண்டு தகடுகளுக்கு நடுவே பசைத் தாள் வைத்து ஒட்டியது. உடைத்தாலும் உதிராது. அதனால்தான் திருடர்கள் அதன் பக்கம் போவதில்லை.

சரி, ஊருக்குள் எத்தனையோ வண்டிகள் நிற்க, மலையடிவாரத்தைத் தேடிக்கொண்டு ஏன் வருகிறார்கள்? வருஷக் கணக்காகப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்து வருகிற நாம் அந்தத் திருடனுடைய கணக்கையும் போட்டுப் பார்த்தோம். பதில் சுலபமாகவே வந்தது.

முதலாவது, நேரம். கடைத்தெருவில் வண்டியை நிறுத்தியவர் ஐந்து நிமிஷத்திலும் திரும்பி வரலாம், ஐந்து மணி கழித்தும் வரலாம். மலை ஏறுகிறவரோ தோளில் பையும் காலில் கனத்த செருப்புமாகப் புறப்படும்போதே, "இரண்டு மணி நேரம் வரமாட்டேன்" என்று சொல்லாமற் சொல்லிவிட்டுப் போகிறார். இரண்டாவது, சரக்கு. ஊர் பார்க்க வந்தவர்களின் வண்டியில்தான் பெட்டி, புகைப்படக் கருவி, மடிக்கணினி, பாஸ்போர்ட் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்திருக்கும். மூன்றாவது, தனிமை. ஜன்னலைத் திறந்து "யாரப்பா அது?" என்று கேட்பதற்கு அங்கே அண்டை வீடு கிடையாது. நான்காவது, பெரிய ரஸ்தா பக்கத்திலேயே இருக்கிறது. ஐந்தாவதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். பொருளை இழந்தவர் மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ விமானம் ஏறி விடுவார். கோர்ட்டில் சாட்சி சொல்லத் திரும்பி வர மாட்டார்.

இந்தக் கணக்கு மாரின் மலைகளுக்கு மாத்திரம் உரியதல்ல. ஆரிகன் மாகாணத்தில் கொலம்பியா நதியின் பள்ளத்தாக்கிலுள்ள நீர்வீழ்ச்சிகளுக்குப் போகிறவர்களும், ஹவாய்த் தீவுகளின் கடற்கரைகளுக்குப் போகிறவர்களும் இதே எச்சரிக்கையைக் கேட்கிறார்கள். ஸான் பிரான்ஸிஸ்கோ நகரத்துக்குள்ளே 2017-ம் வருஷம் ஒன்றில் மட்டும் 31,000-க்கு மேற்பட்ட வண்டிகள் உடைக்கப்பட்டதாகப் போலீஸில் புகார்கள் பதிவாயின. நாளொன்றுக்கு ஏறக்குறைய 85 வீதம் ஆகிறது. புகார் செய்யாமலே விட்டவர்கள் இந்தக் கணக்கில் சேரவில்லை.

எண்களைக் கேட்டால் மனம் அவ்வளவாகக் கலங்குவதில்லை. ஒரு முகத்தைப் பார்த்தால்தான் கலங்குகிறது. பெயர் சொல்ல வேண்டாத ஒரு வண்டி நிறுத்துமிடத்தில், நாம் மலையிலிருந்து இறங்கி வந்த சமயம், வயதான தம்பதிகள் ஒரு வண்டியின் அருகில் நின்றுகொண்டிருந்தார்கள். அம்மாள் சுங்குடிச் சேலையின் மேல் கம்பளிச் சட்டை போட்டிருந்தாள். அதைப் பார்த்தவுடனேயே நம்மவர் என்று தெரிந்து போயிற்று. வண்டியின் பின் கண்ணாடி இருந்த இடத்தில் வெற்றிடம் இருந்தது. அவர்களுடைய மகன் கைபேசியில் யாருடனோ பேசிக்கொண்டிருந்தான்.

"சார், தமிழா?" என்று கேட்டார் பெரியவர்.

ஆமென்றோம். கோவில்பட்டிப் பக்கத்து மனிதர்; உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர். மகனைப் பார்க்க வந்து ஐந்து மாதம் ஆகிறதாம். இன்னும் ஒன்பது நாளில் ஊருக்குப் புறப்பட வேண்டுமாம்.

"முக்கால் மணி நேரங்கூட ஆகலை, சார். அந்த வளைவு வரைக்கும் போய்க் கடலைப் பார்த்துட்டு வந்தோம். கதவைப் பூட்டித்தானே போனோம்?" என்று அவர் மனைவியைக் கேட்டார்.

"பூட்டினதை நான்தான் பார்த்தேனே! பூட்டு அப்படியேதான் இருக்கு" என்றாள் அம்மாள்.

வண்டிக்குள் நாலைந்து பொருள்கள் இருந்தும் திருடன் அவற்றைத் தொடவில்லை. ஒரே ஒரு பையைத்தான் எடுத்திருந்தான். இந்த இடத்துக்கு வந்து வண்டியை நிறுத்திய பிறகு, மகன் அந்தப் பையை ஸீட்டுக்கு அடியில் தள்ளி, மேலே ஒரு சால்வையைப் போட்டு மூடியிருக்கிறான். மூடினதை எந்தக் கண்களோ பார்த்துக்கொண்டிருந்திருக்கின்றன. பைக்குள் இரண்டு பாஸ்போர்ட்டுகள். பெரியவரின் ரத்தக் கொதிப்புக்கான மாத்திரைகள். ஒரு நோட்டுப் புத்தகம்.

"மாத்திரையை இங்கேயே வாங்கிக்கலாம். டாக்டரைப் பார்த்தால் எழுதித் தருவார்" என்று ஆறுதலாகச் சொன்னோம்.

"அது கெடக்கட்டும், ஐயா. மகளுக்கு ஒம்பதாம் மாசம். நான் போய்ச் சேரலைன்னா அவளுக்கு யார் இருக்கா?" என்றாள் அம்மாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "அந்த நோட்டிலே தினம் பார்த்ததையெல்லாம் எழுதி வச்சிருந்தேன். பக்கத்திலே உட்கார்ந்து படிச்சுக் காட்டணும்னு..." என்று சொல்லி நிறுத்திக் கொண்டாள்.

திருடனுக்கு அந்த நோட்டுப் புத்தகம் எதற்கு? வழியில் ஏதாவது ஒரு பள்ளத்தில் எறிந்திருப்பான். அதன் விலை அவனுக்குக் காலணாக்கூட இல்லை. இந்தத் திருட்டின் கொடுமை இங்கேதான் இருக்கிறது. எடுத்தவனுக்குக் கிடைப்பது அற்பம். இழந்தவருக்குப் போவதோ ஈடு செய்ய முடியாதது.

வனக்காவலர் ஒருவர் வந்து நிதானமாக எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். நல்ல வேளையாக, மகனுடைய கைபேசியில் இரண்டு பாஸ்போர்ட்டுகளின் படங்களும் இருந்தன. போலீஸ் புகாரின் நகலையும், அந்தப் படங்களையும், பிரயாணச் சீட்டையும் எடுத்துக்கொண்டு மறுநாள் காலை ஸான் பிரான்ஸிஸ்கோவிலுள்ள இந்தியத் தூதரகத்துக்குப் போனார்கள். தாய்நாடு திரும்புவதற்கு மட்டும் செல்லுபடியாகும் அவசரச் சான்றிதழ் அவர்களுக்குக் கிடைத்தது. குறித்த நாளில் புறப்பட்டு விட்டார்கள் என்று பின்னால் கைபேசியில் தெரிந்துகொண்டோம். நோட்டுப் புத்தகம் மட்டும் கிடைக்கவில்லை.

"கதவைப் பூட்டித்தானே போனோம்?" என்று பெரியவர் கேட்டாரே, அந்தக் கேள்விக்குள் ஒரு சட்ட விசித்திரம் அடங்கியிருக்கிறது. கலிபோர்னியா மாகாணத்தின் பழைய சட்டப்படி, வண்டியை உடைத்துத் திருடினான் என்ற குற்றத்தை ருசுப்படுத்துவதற்கு வண்டியின் கதவுகள் பூட்டப்பட்டிருந்தன என்று சர்க்கார் தரப்பில் நிரூபிக்க வேண்டும். கண்ணாடி தூள் தூளாகக் கிடந்தாலும் அது போதாது. வண்டிக்காரர் கூண்டில் ஏறி, "நான் பூட்டினேன்" என்று சாட்சி சொல்ல வேண்டும். கோவில்பட்டியிலிருந்தோ கொரியாவிலிருந்தோ யார் இதற்காகத் திரும்பி வரப் போகிறார்கள்? இந்த ஓட்டையை அடைப்பதற்கு மாகாண ஸெனட்டர் ஸ்காட் வீனர் பல வருஷங்கள் முயன்றார். கடைசியில் 2024-ம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில் கவர்னர் கையெழுத்திட்டு, 2025 ஜனவரி முதல் புதுச் சட்டம் அமுலுக்கு வந்திருக்கிறது. திருடும் எண்ணத்துடன் வண்டிக்குள் பலாத்காரமாகப் புகுந்தாலே இப்போது குற்றம். பூட்டைப் பற்றிய கேள்வி இல்லை. வண்டிகளிலிருந்து திருடிய பொருள்களை விற்பனைக்காக வைத்திருப்பதும் அதே சட்டத்தில் தனிக் குற்றமாக்கப்பட்டிருக்கிறது. இது மிகவும் நியாயமே. வாங்குகிற கை ஒன்று இருப்பதனால்தானே திருடுகிற கை நீளுகிறது?

சட்டம் செய்யக் கூடியது இவ்வளவு. மனிதர்கள் செய்யக் கூடியது என்ன? இதற்கு அதே மாகாணத்தில், கிழக்கே சில மணி நேரப் பிரயாணத்திலுள்ள யோஸெமிட்டி பள்ளத்தாக்கு ஓர் அருமையான பாடம் சொல்லித் தருகிறது. அங்கேயும் வண்டிகளை உடைத்தார்கள். உடைத்தவர்கள் கரடிகள்! உள்ளே ஒரு ரொட்டித் துண்டின் வாசனை இருந்தால் போதும். கதவின் மேல்விளிம்பைப் பிடித்து வாழைப்பட்டையை உரிப்பது போல் உரித்துவிடும். 1998-ம் வருஷத்தில் மட்டும் அங்கே கரடிகளின் சேஷ்டைகள் 1,500-க்கு மேல் பதிவாயின. சேதம் ஆறு லட்சம் டாலருக்கு மேல். அதிகாரிகள் என்ன செய்தார்கள்? கரடிக்குப் புத்தி சொல்ல முடியாது. ஆகையால் மனிதர்களுக்குச் சொன்னார்கள். முகாம்களிலும் மலைப்பாதைகள் ஆரம்பிக்கும் இடங்களிலும் கனமான இரும்புப் பெட்டிகளை வைத்தார்கள். இரவில் வண்டிக்குள் உணவு வைப்பதைக் குற்றமாக்கினார்கள். வந்தவர்களிடமெல்லாம் சலிக்காமல் எடுத்துச் சொன்னார்கள். சம்பவங்கள் குறைந்துகொண்டே வந்து, இப்போது வருஷத்துக்கு நூற்றுக்கும் குறைவாகி விட்டன. வண்டிகள் காலியாக இருக்கின்றன என்று கண்டுகொண்ட பிறகு, கரடிகள் பழையபடி காட்டுக் கிழங்கையும் பழத்தையும் தேடிப் போய்விட்டன.

மனிதத் திருடன் கரடியல்ல என்பது உண்மை. கரடிக்குப் பசி ஒன்றே காரணம். மனிதனுக்குப் பல காரணங்கள். ஆயினும் வெறும் வண்டியை உடைப்பதில் இருவருக்கும் லாபமில்லை. காலியான வண்டியைக் காலி என்று பார்த்தவுடன் தெரியும்படி வைத்திருப்பதே இந்த விஷயத்தில் முதற் பாடம்.

அங்கே பிள்ளைகளை வைத்திருக்கும் பெற்றோர்கள் நமது வாசகர்களில் அநேகர். வருஷந்தோறும் யாராவது ஒருவர் போய் வந்த வண்ணம் இருக்கிறார்கள். ஆகையால், அவ்வூர்க்காரர்கள் நமக்குச் சொல்லிக் கொடுத்ததையும் நாம் நேரில் கண்டதையும் சற்று விவரமாகவே எழுதுகிறோம்.

வீட்டிலிருந்து புறப்படுமுன்பே வண்டியைக் காலி செய்து விட வேண்டும். உலாவப் போவதற்குப் பாஸ்போர்ட் எதற்கு? மூலத்தை வீட்டில் பத்திரமாக வைத்து, நகலை மட்டும் எடுத்துக்கொண்டு போகலாம். நகலின் படம் ஒன்று ஊரிலுள்ள உறவினரிடமும் இருக்கட்டும். வழிப்பிரயாணமாகப் போகிறவர்கள், பெட்டிகளைத் தங்கும் விடுதியில் இறக்கி வைத்த பிறகே மலைக்குப் போவது நல்லது. விமானத்திலிருந்து இறங்கியவுடன் பெட்டிகளோடு நேராகக் காட்சி பார்க்கப் போகிறவர்களைத்தான் திருடர்கள் அதிகமாக எதிர்பார்க்கிறார்கள்.

எதையாவது டிக்கியில் வைத்தே தீரவேண்டுமானால், புறப்படுகிற இடத்திலேயே வைத்து மூடிவிட வேண்டும். மலையடிவாரத்துக்கு வந்து, டிக்கியைத் திறந்து, பையை உள்ளே வைத்து, மேலே துணி போர்த்துவது இருக்கிறதே, அது திருடனுக்குத் தாம்பூலம் வைத்து அழைப்பதற்குச் சமானம். ஒரு வண்டிக்குள் ஒருவன் சும்மா உட்கார்ந்திருந்தால் அவன் இளைப்பாறுகிறான் என்றே நாம் நினைப்போம். அவன் வேறு வேலையாகவும் உட்கார்ந்திருக்கலாம்.

ஸீட்டின் மேல் ஒன்றும் இருக்கக் கூடாது. பழைய சட்டை, காலிப் பை, கைபேசிக்கு மின்சாரம் ஏற்றும் கம்பி, சில்லறைக் காசு எதுவுமே வேண்டாம். காலிப் பை காலி என்பது நமக்குத் தெரியும். வெளியிலிருந்து பார்க்கிறவனுக்கு எப்படித் தெரியும்? உடைத்துத்தான் தெரிந்துகொள்வான். சிலர் பின் ஸீட்டை மடித்து, டிக்கியின் உட்புறம் முழுவதும் தெரியும்படி விட்டுவிட்டுப் போகிறார்கள். இது நல்ல யோசனை. வேறு சிலர், கண்ணாடியாவது மிஞ்சட்டும் என்று கதவைப் பூட்டாமலே விட்டு விடுகிறார்கள். இதை நாம் சிபாரிசு செய்ய மாட்டோம். கண்ணாடியைக் காப்பாற்றப் போய் வண்டியையே பறி கொடுக்க நேரிடும்.

வீட்டு விலாசம் எழுதிய காகிதமும், வீட்டுச் சாவியும், வண்டிக் கொட்டகையைத் திறக்கும் மின்விசைக் கருவியும் ஒரே வண்டியில் ஒன்றாக இருப்பது பேராபத்து. வண்டியில் தொடங்கிய திருட்டு அன்றைக்கே வீட்டில் போய் முடியலாம். வண்டிச் சாவியைச் சக்கரத்தின் மேல் ஒளித்து வைப்பதும் வேண்டாம். ஒளிப்பதைப் பார்க்கிற கண்கள் உண்டு. 'இத்தனை மணிக்குத் திரும்பி வருவோம்' என்று எழுதி முன்கண்ணாடியில் வைக்கக் கூடாது. ஆனால் வீட்டிலுள்ள ஒருவருக்கு அந்த நேரத்தைக் கட்டாயம் சொல்லிவிட்டுப் போக வேண்டும். மலையில் காலை மடக்கி விழுந்தால் தேடி வருவதற்கு அது ஒன்றே வழி.

நிறுத்துகிற இடத்திலும் கவனம் வேண்டும். ஜனநடமாட்டம் உள்ள இடத்தில், மற்ற வண்டிகளுக்கு நடுவே நிறுத்துவது நல்லது. தரையைப் பாருங்கள். புதுக் கண்ணாடிச் சில்லுகள் கிடந்தால் அந்த இடத்தை விட்டு வேறிடம் போவதில் வெட்கமில்லை. வண்டியே இல்லாமல் போக முடிந்தால் அதைவிட விசேஷம். மியூர் வனத்துக்கு 2018-ம் வருஷத்திலிருந்து வண்டி நிறுத்த முன்கூட்டியே இடம் பதிவு செய்து கொள்ள வேண்டும். குறிப்பிட்ட காலங்களில் பஸ்ஸும் விடுகிறார்கள். அதற்கும் பதிவு உண்டு. அந்த வனத்தில் கைபேசி வேலை செய்யாது. ஆகையால் பதிவுச் சீட்டை முன்பே படமாக எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும்.

இவ்வளவும் செய்த பிறகும் கண்ணாடி உடைந்திருந்தால்? முதலில், திருடன் அங்கேயே நின்றால் அவனை மறிக்கப் போக வேண்டாம். தூரத்தில் நின்று வண்டியின் எண்ணைக் குறித்துக்கொண்டு 911 என்ற எண்ணுக்குச் சொல்லுங்கள். போய்விட்டான் என்றால், எதையும் தொடுமுன் படம் எடுத்துக்கொள்ளுங்கள். நிற்கும் நிலம் யாருடையது என்று பலகையில் பாருங்கள். ஒரே மலையில் ஒரு சரிவு தேசியப் பூங்கா, மறு சரிவு மாகாணப் பூங்கா, அதற்கப்பால் தண்ணீர் வாரியத்தின் நிலம். எந்த அதிகாரியிடம் புகார் செய்வது என்பது அதைப் பொறுத்தது. புகாரின் நகல் இல்லாமல் பாஸ்போர்ட் விஷயமும் நடக்காது, இன்ஷூரன்ஸ் விஷயமும் நடக்காது. வண்டியின் இன்ஷூரன்ஸ் கண்ணாடிக்குப் பணம் கொடுத்தாலும், உள்ளே இருந்த பொருளுக்குப் பெரும்பாலும் கொடுக்காது. அதற்கு வீட்டு இன்ஷூரன்ஸ் அல்லது பிரயாண இன்ஷூரன்ஸைப் பார்க்க வேண்டும். பாங்கிக் கார்டுகளை உடனே நிறுத்தச் சொல்வதை மறக்கக் கூடாது.

இப்படியெல்லாம் எழுதும்போது ஒரு சங்கடம் நமக்கு ஏற்படுகிறது. "பையை ஏன் அங்கே வைத்தாய்?" என்று இழந்தவரைக் கேட்பதில் நமக்குள்ள உற்சாகம், "ஏன் எடுத்தாய்?" என்று எடுத்தவனைக் கேட்பதில் இருப்பதில்லை. அந்தக் கோவில்பட்டி மகனிடம் இரண்டு பேர் வந்து அப்படிக் கேட்டதை நாமே காதால் கேட்டோம். அந்தப் பிள்ளை தலையைக் குனிந்து கொண்டான். அவன் செய்த குற்றம் என்ன? தாயையும் தகப்பனையும் கடல் பார்க்க அழைத்து வந்ததா? எச்சரிக்கை சொல்வது புறப்படுவதற்கு முன்னால் சொல்ல வேண்டியது. கண்ணாடி உடைந்த பிறகு சொல்ல வேண்டியது, "வாருங்கள், சில்லுகளைப் பெருக்குவோம்" என்பதுதான். நாம் பெருக்கிக்கொண்டிருந்தபோது, வேற்றுத் தேசத்துப் பெண்மணி ஒருத்தி ஒரு வார்த்தையும் பேசாமல் தன் வண்டியிலிருந்து தடித்த தாளும் ஒட்டும் நாடாவும் கொண்டு வந்து, உடைந்த ஜன்னலை அடைத்துக் கொடுத்தாள்.

மற்றொரு சங்கடமும் உண்டு. சந்தேகம் ஒரு முறை மனதில் புகுந்தால் அது திருடனோடு நிற்பதில்லை. பழைய வண்டியில் வருகிறவன், கறுத்த மேனியுடையவன், தனியாக உட்கார்ந்திருக்கிறவன் எல்லாரும் கள்ளனாகத் தோன்ற ஆரம்பித்து விடுவார்கள். பொது நிலம் பொது நிலமாக இருக்க வேண்டுமானால் இதற்கு இடங் கொடுக்கக் கூடாது. வண்டியைக் காலியாக வைப்பதில் இந்த நன்மையும் இருக்கிறது. இழப்பதற்கு ஒன்றுமில்லாதவன் எதிரே வருகிற ஒவ்வொரு முகத்தையும் ஆராய்ந்து பார்க்க வேண்டியதில்லை.

நிலைமை சீர்ப்படாமலும் இல்லை. ஸான் பிரான்ஸிஸ்கோ போலீஸார் தூண்டில் புழுப் போல் பொருள் வைத்த வண்டிகளை நிறுத்தித் திருடர்களைப் பிடிக்கிறார்கள். 2024-ல் வண்டி எண்களைப் படிக்கும் காமிராக்களைச் சாலைச் சந்திப்புகளில் வைத்தார்கள். அந்த ஒரு வருஷத்தில் வண்டி உடைப்புகள் அதற்கு முந்திய வருஷத்தைவிடப் பாதிக்கு மேல் குறைந்தன. தடுக்க முடியாத வியாதி என்று பலர் கை விட்டிருந்த விஷயம் இது. சர்க்காரும் ஜனங்களும் ஒரே திசையில் இழுத்தால் நகராத தேர் உண்டா?

ஆகையால், போகிறவர்கள் பயந்துகொண்டு போகாமல் இருந்து விட வேண்டாம். கென்ட் அந்த மரங்களைக் கொடுத்தது, நாம் வீட்டுக்குள் உட்கார்ந்து படத்தில் பார்ப்பதற்காக அல்ல. காலையில் சீக்கிரமே புறப்படுங்கள். வண்டியில் ஒரு துரும்பும் வைக்காதீர்கள். தண்ணீரும், கம்பளிச் சட்டையும், வேண்டிய மருந்தும் தோள் பையில் இருக்கட்டும். தினக்குறிப்பு எழுதுகிறவர்கள் நோட்டுப் புத்தகத்தையும் அந்தப் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். உச்சியில் உட்கார்ந்து எழுதுவதற்கு அங்கே நல்ல பாறைகள் இருக்கின்றன.